முகம் இழுக்கும் மாதங்கள்

கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பெங்களூர் பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷே என்ற சந்தை கூடும். அதை ஒட்டியே நீலசந்திரா வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும்: "முகம் இழுக்குதுக்கா, சிரிச்சா வாய் ஓரம் எரியுது." வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்கள் பழியைக் குளிர்மேல் போடுகின்றன. குளிர் போனால் முகமும் தானாகச் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. பொங்கல் முடிந்து விடியற்காலைக் குளிர் குறைந்ததும் கிரீம் டப்பா அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆனால் பிப்ரவரி பிறந்த பிறகும் கன்னத்தில் வெள்ளை பூத்துத்தான் இருக்கிறது. மார்ச்சில் இன்னும் கூடுகிறது.

காரணம் எளிது. முகத்தை உலர்த்துவது குளிரைவிடக் காற்றின் வறட்சிதான். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே, கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. சென்னையில் மார்ச் மாதப் பிற்பகலிலும் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெங்களூரில் அதே நேரம் அது 30 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும், பல நாள் அதற்கும் கீழே இறங்கும். இங்கே ஆண்டின் மிக வறண்ட மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும் அல்ல, பிப்ரவரியும் மார்ச்சும்தான். சென்னைப் பக்கமிருந்து திருமணமாகி வந்த பெண்கள் "அங்க எனக்கு எண்ணெய் வழியிற முகம், இங்க வந்துதான் இப்படி ஆயிடுச்சு" என்று சொல்வார்கள். அது கற்பனை இல்லை. அதே தோல்தான், காற்று மாறிவிட்டது. ஆகவே முதல் வேலை, கிரீம் தடவுவதைப் பொங்கலோடு நிறுத்தாமல் கோடை மழை வரும்வரை தொடர்வது.

தோலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பிறகு சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

தோலின் மேற்பரப்பில் உயிரற்ற செல்கள் பதினைந்து இருபது அடுக்காகப் படிந்திருக்கின்றன. அத்தனை அடுக்கும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வராது. இதைச் செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் பூச்சுக்கலவை. உடலுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறாமல் காப்பது இந்தப் பூச்சுதான். செல்களுக்குள்ளேயும் நீரைப் பிடித்துவைக்கும் சில பொருள்கள் உண்டு. சோப்பும் வெந்நீரும் தேய்ப்பும் பூச்சைக் கரைக்கின்றன, அந்தப் பொருள்களையும் அலசிக்கொண்டு போகின்றன. நீர் கசிந்து போகிறது, தோல் விறைக்கிறது. நாம் 'இழுக்குது' என்று சொல்வது அந்த விறைப்பைத்தான்.

வெள்ளைச் செதில் எப்படி வருகிறது என்பதும் தெரிய வேண்டும். நல்ல தோலிலும் தினமும் செல்கள் உதிர்கின்றன. ஒவ்வொன்றாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றைப் பிரித்துவிடும் நொதிகள் வேலை செய்ய ஈரம் தேவை. ஈரம் குறைந்தால் செல்கள் பிரியாமல் கொத்துக் கொத்தாகக் கழன்று நிற்கும். அதுதான் மூக்கோரத்திலும் புருவத்திலும் தாடையிலும் தெரியும் வெள்ளை. அதைக் கண்டதும் ஸ்க்ரப் வாங்கித் தேய்ப்பவர்கள் உண்டு, துண்டால் அழுத்தித் துடைப்பவர்கள் உண்டு. அன்றைக்கு முகம் வழவழப்பாகத் தெரியும். இரண்டு நாளில் முன்பைவிட அதிகமாக உரியும், ஏற்கெனவே பலவீனமான சுவரை நாமே சுரண்டிவிட்டோம் என்பதால். செதிலுக்கு மருந்து ஈரம்தான்.

அடுத்தது தண்ணீர். நீலசந்திராவில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்குகிறது: குழாயில் வரும் காவேரி, அது வராத நாளில் போர் அல்லது டேங்கர். காவேரி நீர் மண்டியா மாவட்டத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் பம்ப் செய்யப்பட்டு மேலேறி வருகிறது. அதில் உப்பு குறைவு. போர் தண்ணீர் பாறைக்கு நடுவே கிடந்து சுண்ணச்சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. குளியலறைக் குழாயின் வாயைக் குனிந்து பாருங்கள். வெள்ளையாக, நகத்தால் கீறினால் தூளாக உதிரும் படிவு இருந்தால் அது கடினநீர். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று நாம் இன்னும் இரண்டு முறை சோப்பைத் தேய்ப்போம். சுண்ணச்சத்தும் சோப்பும் சேர்ந்து உண்டாகும் பிசுக்கு எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. பக்கெட்டின் உட்புறம் ஒட்டும் சாம்பல் நிற வளையம் அதேதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கடினநீரில் கழுவும்போது சோப்புப்பொருள் தோலில் அதிகமாகத் தங்கி எரிச்சலைக் கூட்டுகிறது என்று காட்டியது.

இதைச் சொன்னால் உடனே குழாயில் மாட்டும் வடிகட்டி, சாஃப்ட்னர் என்று விலை கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கரப்பான் உள்ள 336 குழந்தைகளின் வீடுகளை வைத்து இங்கிலாந்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியதால் கரப்பானில் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை என்று 2011இல் முடிவு வெளியானது. வாடகை வீட்டில் இருப்பவர் அந்தப் பணத்தை அதில் போட வேண்டியதில்லை. குளியல் எந்தத் தண்ணீரிலாவது இருக்கட்டும். முகத்தைக் கடைசியாக அலச ஒரே ஒரு சொம்பு காவேரித் தண்ணீரைத் தனியாக எடுத்துவையுங்கள். அதைவிட முக்கியம், முகத்தில் சோப்பின் அளவைக் குறைப்பது. ஒட்டிக்கொள்ளும் பொருளே குறைந்தால் தண்ணீர் செய்யும் கெடுதலும் குறையும்.

சோப்பைப் பற்றிப் பேசினால் இந்த ஊரில் சிலருக்கு மனம் வருந்தும். நூறாண்டுக்கு மேலாகச் சந்தன சோப்பின் ஊர் இது. ஆனால் எவ்வளவு நல்ல சோப்பானாலும் சோப்பு காரத்தன்மை கொண்டதுதான். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மையில், பிஎச் 5ஐ ஒட்டி இருக்கிறது. வழக்கமான சோப்பு 9, 10 வரை போகும். கழுவிய பிறகு தோல் தன் இயல்புக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் மறுபடி கழுவினால் அது திரும்புவதே இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த நெற்றியும் மூக்கும் தாங்கிக்கொள்ளும். சுரப்பி குறைந்த கன்னமும், தோல் மிக மெல்லியதான கண்ணோரமும் தாங்காது.

கடையில் சோப்பு வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். 'டாய்லெட் சோப்' என்று இருந்தால் கிரேடு எண்ணும் டிஎஃப்எம் என்ற கொழுப்பளவும் இருக்கும். இந்தியத் தர அமைப்பின் கணக்கில் கிரேடு 1 என்றால் குறைந்தது 76 சதவீதம், கிரேடு 2 என்றால் 70, கிரேடு 3 என்றால் 60. 'பேத்திங் பார்' என்று இருந்தால் அது வேறு வகை, 40 சதவீதம் இருந்தாலே போதும். பளபளக்கும் உறையும் விளம்பர முகமும் இதைச் சொல்லாது. உடம்புக்குக் கிரேடு 1 வாங்குங்கள். முகம் வறண்டிருக்கும் மாதங்களில் அதுவும் முகத்துக்கு வேண்டாம். மருந்துக் கடையில் சோப்பு கலக்காத, நுரை குறைந்த, வாசனை இல்லாத கிளென்சர் கிடைக்கும். கேட்கும்போது "டிரை ஸ்கின்னுக்கு, வாசனை இல்லாதது" என்று கேளுங்கள். அதை இரவில் ஒரு முறை போட்டால் போதும். காலையில் வெறும் தண்ணீர் போதும், நிஜமாகவே போதும். தூங்கி எழுந்த முகத்தில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை.

வெந்நீர் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டும். கீசரிலிருந்து ஆவி பறக்க வரும் தண்ணீரை டிசம்பர் காலையில் தலையோடு ஊற்றிக்கொள்வது சுகம்தான். வெண்ணெய்ப் பாத்திரத்தை நாம் ஏன் வெந்நீரில் கழுவுகிறோம்? கொழுப்பு சீக்கிரம் போகும் என்றுதானே! தோலின் கொழுப்பும் அப்படியே போகிறது. மணிக்கட்டின் உட்புறம் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். உடம்புக்கு வெதுவெதுப்பு கூட வேண்டுமென்றால் முகத்தை மட்டும் தனியாக, கடைசியில் கழுவுங்கள்.

இனித் தடவுவது. கடையில் நூறு பெயர் இருந்தாலும் மாய்ஸ்சரைசர் செய்யும் வேலை மூன்றுதான். கிளிசரின், யூரியா, ஹையலுரோனிக் அமிலம் போன்றவை நீரைப் பிடித்துவைக்கும். எண்ணெய்களும் செராமைடும் இடைவெளிகளை நிரப்பி வழவழப்பாக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின், டைமெத்திகோன் மேலே மூடி போட்டு நீர் ஆவியாகாமல் தடுக்கும். உறையில் உள்ள பட்டியலில் அளவில் கூடியது முதலில் வரும். முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் கிளிசரினும், மூடி போடும் பொருளில் ஏதாவது ஒன்றும் இருந்தால் அது வேலை செய்யும் கிரீம். 'தங்கத் துகள்', 'கேசர்' என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பது பட்டியலின் வாலில்தான் இருக்கும். வாசனைப் பொருள் சேர்த்தது, 'வைட்டனிங்', 'பிரைட்டனிங்' என்று எழுதியது இரண்டும் வறண்ட முகத்துக்கு ஆகாது.

மூடி போடுவதில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு நிகர் இன்றுவரை இல்லை. 1872இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ வாஸலினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ விலையுயர்ந்த கிரீம்கள் வந்தும் அதைத் தள்ள முடியவில்லை. ஆனால் அது தானாக ஈரம் தராது, இருக்கும் ஈரத்தைக் காக்கும். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். காய்ந்து இழுக்கும் முகத்தில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வாஸலினை எடுத்துத் தேய்க்கிறார்கள். முகம் பிசுபிசுக்கிறது, உள்ளே வறட்சி அப்படியே இருக்கிறது. "வாஸ்லின் போட்டும் கேக்கல" என்கிறார்கள்.

செய்ய வேண்டிய முறை இது. முகம் கழுவியதும் பருத்தித் துண்டை ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். தோலில் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். விரல் வைத்தால் நழுவாமல் ஒட்டும் அளவு. அப்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், குளியலறையை விட்டு வரும் முன்பே கிரீமைத் தடவிவிடுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்கு இரண்டரைக் கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்துவிட்டுப் பரப்புங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் மற்ற இடம் காய்ந்துவிடும். இரவில் அதற்கு மேலே, மிகவும் உரியும் இடங்களான மூக்கோரம், வாயோரம், உதட்டில் மட்டும் பச்சைப்பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லி வைத்து மூடுங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். மூன்று நாளில் கிரீமை மாற்றுவது வீண் செலவு.

ஒரு நாளில் ஐந்து வேளை தொழுகைக்காக முகம் கழுவுபவர்கள் நம் தெருக்களில் நிறைய இருக்கிறார்கள். வெறும் தண்ணீர் தோலைக் கெடுக்காது என்று நினைப்போம். ஆனால் வறண்ட காற்றில், முகத்தில் விட்ட நீர் ஆவியாகும்போது தோலிலிருந்தும் கொஞ்சம் ஈரம் போகிறது. ஒவ்வொரு முறையும் ஒற்றி எடுத்துவிட்டுச் சிறிது கிரீம் தொட்டுக்கொள்வது நல்லது. கோரமங்களா அலுவலகங்களில் ஏசிக்குள் உட்கார்ந்திருப்பவர்களும், ஓசூர் சாலையில் நாள் முழுக்கக் காற்று முகத்தில் அடிக்க வண்டி ஓட்டுபவர்களும் மதியம் ஒரு முறை தடவ வேண்டும். வெயில் வேறு. இந்த உயரத்தில் குளிர்காலத்திலும் மதிய வெயிலின் புற ஊதாக் கதிர் வலுவாகவே விழும், உடம்பில் சூடு தெரியாததால் நாம் கவனிப்பதில்லை. வெளியில் வேலை செய்பவர் காலைக் கிரீமுக்கு மேலே எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடுவது பலன் தரும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. சலூனில் சவரம் முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்து முகமெல்லாம் தேய்ப்பார்கள், அதற்கு மேல் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். சவரமே மேல் அடுக்கைச் சீவி எடுக்கிறது. படிகாரம் இறுக்குகிறது, வாசனைத் தண்ணீரில் உள்ள ஆல்கஹால் உலர்த்துகிறது. "அண்ணே, படிகாரம் வேணாம், தண்ணி மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும் கிரீம் போடுங்கள். வெட்டுக்காயம் பட்ட இடத்தில் மட்டும் படிகாரம் தொட்டால் பாதகமில்லை.

எண்ணெய் பற்றிக் கேட்காத வீடு இல்லை. தேங்காய் எண்ணெய்க்கு ஆதாரம் உண்டு. 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ளவர்களிடம் அதை மினரல் ஆயிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் சமமாகவே தோலின் ஈரத்தைக் கூட்டின. ஈரமான முகத்தில் நாலைந்து துளி போடலாம். பரு வரும் முகமாக இருந்தால் வேண்டாம், துளைகளை அடைக்கும். ஆலிவ் எண்ணெயை உயர்வாக நினைத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தேய்க்கிறார்கள். 2013இல் வந்த ஆய்வில் அது தோல்சுவரைப் பலவீனப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் கெடுதல் வருவது நல்லெண்ணெயால் அல்ல, அதைப் போக்கச் சீயக்காயை முகத்திலும் சேர்த்துத் தேய்ப்பதால். சீயக்காய் தலையோடு நிற்கட்டும்.

சமையலறைப் பொருள்களில் பயத்தமாவும் கடலைமாவும் எண்ணெய் வழியும் முகத்துக்குப் பொருந்தும். வறண்ட முகத்தில் அவை மிச்சமிருக்கும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். முல்தானி மெட்டி அதற்கென்றே இருக்கும் மண், வறண்ட மாதங்களில் தொடக்கூடாது. எலுமிச்சைச் சாறு பிஎச் 2 அளவு புளிப்பு. உரிந்த தோலில் அது புண்ணாக்கும், வெயிலில் போனால் கருந்திட்டு விழும். பாட்டி காலத்துக் கிளிசரினும் பன்னீரும் நல்ல சேர்க்கைதான், ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு பன்னீர் என்று நீர்த்துப் போட்டால். கிளிசரினை நீர்க்காமல் அப்படியே பூசினால், காற்றில் ஈரம் இல்லாததால் அது தோலின் உள்ளிருந்தே நீரை இழுக்கும். நீர்த்ததற்கு மேலேயும் மெல்லிய கிரீம் வேண்டும். பன்னீர் எரிந்தால் ஆறவைத்த கொதிநீர் போதும். நிறையத் தண்ணீர் குடித்தால் முகம் ஈரமாகும் என்று சொல்வதும் உண்டு. உடம்புக்குத் தேவையான தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், ஆனால் சுவர் ஓட்டையாக இருக்கும்போது உள்ளே ஊற்றுவது முகத்துக்கு வந்து நிற்காது.

இதுவரை சொன்னதில் எதைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. அடுத்ததைத் தவறவிட வேண்டாம். முகம் உரிகிறது, கறுத்துவிட்டது என்று மருந்துக் கடையில் போய் "ஒரு நல்ல கிரீம் குடுங்கண்ணா" என்று கேட்டால், கையில் வருவது ஸ்டீராய்டு டியூபாக இருக்கக்கூடும். குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று சிறிய எழுத்தில் இருக்கும். தடவிய நாலாம் நாள் சிவப்பும் அரிப்பும் மறைந்து முகம் வெளுத்து அழகாகத் தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டக்காவும் அதையே சிபாரிசு செய்கிறார். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி தடவுவார்கள். 2011இல் வெளியான, 12 மருத்துவ மையங்களில் நடந்த இந்திய ஆய்வில், முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே தடவுகிறவர் திடீரென்று நிறுத்திவிட்டுத் தனியாகத் தவிக்க வேண்டாம், மருத்துவரிடம் போய்ப் படிப்படியாக விடலாம்.

எல்லா உரிதலும் வறட்சி அல்ல. புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சளாக, பிசுக்கான செதில் வந்து தலையிலும் பொடுகு இருந்தால் அது வேறு நோய், அதற்குப் பூஞ்சை மருந்து தேவைப்படும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய வட்டங்களைப் பார்த்து வயிற்றில் பூச்சி என்றும் கால்சியம் குறைவு என்றும் மருந்து கொடுக்கிறோம். பெரும்பாலும் அது வறட்சியோடு வரும் சாதாரணத் தேமல், தினசரிக் கிரீமில் சில மாதங்களில் மறையும். திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை, அல்லது பால்போல் முழு வெள்ளையாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. முகத்தோடு உடம்பு முழுக்க வறண்டு, எடை கூடி, முடி கொட்டி, எப்போதும் களைப்பாக இருந்தால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பருவுக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு அதனாலேயே உதடும் முகமும் காயும்.

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை, வெடித்து நீர் வடிகிறது, இரவில் அரிப்பால் தூக்கம் போகிறது என்றால் தோல் மருத்துவரிடம் போகும் நேரம். நீலசந்திராவிலிருந்து சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனையும் கோரமங்களா செயின்ட் ஜான்ஸும் அருகில்தான். இரண்டிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அன்று காலை முகத்தில் எதுவும் தடவாமல் போங்கள், செதிலும் சிவப்பும் உள்ளபடி தெரிந்தால்தான் மருத்துவருக்குப் புரியும். இதுவரை தடவிய ஒவ்வொரு டியூபையும், காலியானதாக இருந்தாலும், பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள்.